நாலு ரூபாய்ச் சிப்பிப் பெட்டி

சென்ற கிழமை நம் வகுப்புக்காரிகளின் கைபேசிக் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். நூலில் பின்னிய முயல்குட்டி. காதுக்குள் இளஞ்சிவப்பு, கழுத்தில் சின்னதாய் ஒரு மணி. பிறந்தநாள் பரிசு கொடுக்க ஆட்கள் கேட்கிறார்கள், என்ன விலை சொல்லலாம் என்று கேட்டிருந்தாள். உங்களுக்குத்தான் தெரியுமே, இதயமும் கைகூப்பலும் வந்து குவிந்தன. விலையை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. "சும்மா இருக்கிற நேரத்தில செய்யிறதுதானே, நூல்காசு வந்தாக் காணும்" என்றாள் ஒருத்தி. "தெரிஞ்ச ஆக்களிட்ட விலை சொல்லாதை, தாறதை வாங்கு" என்றாள் இன்னொருத்தி. எனக்கு வந்த கோபத்தில் கைபேசியைத் தூக்கி எறிந்தேன். மெத்தையின் மேல்தான் எறிந்தேன். அவ்வளவு நிதானம் இந்த வயதில் வந்துவிட்டது.

ஏன் இவளுக்கு இவ்வளவு கோபம் என்று நீங்கள் தனியே கதைத்திருப்பீர்கள். கதையுங்கள். ஆனால் இதையும் வாசியுங்கள். நம் பத்து வயதில், தை பிறந்து சித்திரை வருடப்பிறப்பு வரையிலான மூன்று மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

எங்கள் வீடு துறைமுக வாசலுக்குப் போகிற தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கையில் இருந்தது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. முன்னறைக்குத்தான் யன்னல். அப்பா துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டுகிற வேலை செய்தார். அதற்கு முந்திய ஐப்பசியில் கயிறு இழுபட்டு அவருடைய வலக்கை விரல்கள் மூன்று நசிந்துபோயின. அதற்குப் பிறகு அவருக்குக் கொட்டகையில் உட்கார்ந்து சாக்கு மூட்டை எண்ணுகிற இலகு வேலையும் குறைந்த சம்பளமும் கொடுத்தார்கள். ஒழுங்கையே எங்கள் மேல் இரக்கப்பட்டது. அம்மாவைக் கண்டால் முதற் கேள்வி, "அவருக்குக் கை எப்பிடி?" என்பதுதான்.

அம்மா சிப்பிப் பெட்டி செய்யத் தொடங்கியது அப்போதுதான். துறைமுகத்தில் கழித்துவிடுகிற பலகைத் துண்டுகளை அப்பா கொண்டுவருவார். ஒரு தச்சர் அதைச் சின்னப் பெட்டியாக அடித்துத் தருவார். அம்மா உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, வெளியே சிப்பியும் சோகிச் சங்கும் பதித்து, மேலே வார்னிஷ் பூசுவார். சிப்பிகளை நிறம் பிரித்து, அளவு பிரித்து, பூவாகவும் கொடியாகவும் அடுக்குவார். ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் போகும். கலியாணத்துக்கும் பிள்ளைகள் பெரிசாகிற சடங்குக்கும் பரிசு கொடுக்க நல்ல சாமான். நகை வைக்கலாம், ஊசி நூல் வைக்கலாம், ஒன்றும் வைக்காமல் அழகுக்கும் வைக்கலாம்.

இந்த வேலைக்கு முன்னறையின் யன்னல் வெளிச்சம் வேண்டும். ஒட்டியதை அசைக்காமல் காயவைக்க மேசை வேண்டும். அப்பாவுக்கோ அந்த அறையை வாடகைக்கு விடவேண்டும். கந்தளாயிலிருந்து கச்சேரி அலுவலகத்துக்கு மாற்றலாகி வரும் கிளாக்கர் ஒருவர் மாதம் அறுபது ரூபாய் தரத் தயாராக இருந்தார்.

"வருசப்பிறப்பு வரைக்கும் பாப்பம்" என்றார் அப்பா. "மூண்டு மாசம். செலவு போக நூற்றெண்பது ரூபா உம்மட கையில நிண்டா அறை உமக்கு. இல்லாட்டி அந்தத் தம்பி வாறார்."

அப்பா கொடுமைக்காரர் இல்லை. பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அம்மாவும் தலையாட்டினார். அன்றிலிருந்து அந்த யன்னல் எனக்கு உயிர் போகிற விஷயமாகிவிட்டது. ஏனென்றால் அம்மா சிரித்து, வாய்க்குள் பாட்டு முணுமுணுத்து நான் பார்த்த ஒரே இடம் அந்த மேசைதான். குசினியில் அவர் பாடினதேயில்லை.

சிப்பி பொறுக்குவது என் வேலை. மாரிக் கடல் கொந்தளித்து அடங்கிய கையோடு கரையெல்லாம் சிப்பி கிடக்கும். சனி ஞாயிறு விடிய முன்னமே வாளியோடு உப்புவெளிக் கடற்கரைக்குப் போவேன், சில நாள் சல்லிக் கரை வரைக்கும். குனிந்து குனிந்து நடந்தால் முதுகு கழன்றுவிடும். கால்விரல் இடுக்கில் உப்புப் புண். அதைவிடக் கொடுமை நாற்றம். சோகிக்குள் செத்த பிராணி இருக்கும். அதை மணலில் புதைத்து, பத்து நாள் விட்டு எடுத்து, அவித்து, குண்டூசியால் நோண்ட வேண்டும். நகத்துக்குள் போன நாற்றம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வகுப்பில் உங்களில் ஒருத்தி என் பக்கத்திலிருந்து மேசையை ஒரு சாண் தள்ளிப் போட்டாள். ஆர் என்று சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும்.

இத்தனையும் பட்டு முதற் பெட்டிகள் முடிந்ததும், நாலு வீடு தள்ளியிருந்த மாமி ஒருவர் வந்து ஒன்றை எடுத்தார். "அவருக்குக் கை எப்பிடி?" என்று கேட்டார். பிறகு, "என்ன தரவேணும்?" என்றார். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, "நாலு ரூபா தாங்கோ" என்றார்.

மாமி போனதும் கேட்டேன், "நாலு எப்பிடி வந்தது?"

"தச்சுக் கூலி, வெல்வெட், பசை, பிணைச்சல், வார்னிஷ் எல்லாம் மூண்டரை. மேலே ஐம்பது சதம்."

"சிப்பிக்கு?"

"சிப்பிக்குக் காசோ? கடல் எங்களிட்ட வாங்கினதோ?"

கடல் வாங்கவில்லைதான். ஆனால் கடல் அதை வாளியில் போட்டு எங்கள் படலையடிக்குக் கொண்டுவந்து வைக்கவுமில்லை. என் முதுகு, என் நகம், என் சனிக்கிழமை எல்லாம் அந்த நாலு ரூபாயில் எங்கே என்று தேடினேன். அம்மாவின் இரண்டு நாளும் அதில் இல்லை. ஐம்பது சதப்படி நூற்றெண்பது ரூபாய் சேர முந்நூற்றறுபது பெட்டி செய்யவேண்டும். நான் கொப்பியில் பிரித்துப் பார்த்துக் காட்டினேன். "உனக்குக் கணக்கு நல்லா வருது" என்று அம்மா சந்தோசப்பட்டார். சுவரில் முட்டலாம் போலிருந்தது.

மாசி தொடக்கத்தில் மூதூர்க்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார். கடைத்தெருவில் பரிசுச் சாமான் கடை வைத்திருந்தார். அண்ணன் முறையில் நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கதிரையில் இருந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியைத் திறந்து மூடிப் பிணைச்சலின் சத்தத்தைக்கூடக் கேட்டார்.

"என்ன விலைக்குத் தருவீங்க தங்கச்சி?"

"நீங்களே பாத்துப் போடுங்கோ நானா."

"நான் பாத்துப் போட்டா எனக்கு லாபமாத்தான் போடுவன். நீங்க விலையச் செல்லுங்க."

அம்மா சொல்லவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கையை முறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே சொன்னார்: கடையில் பன்னிரண்டுக்கு விற்பார், அம்மாவுக்கு ஒன்பது தருவார். அன்றைக்கே பத்துப் பெட்டி எடுத்துக்கொண்டு போனார். நிலாவெளி ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர் இரண்டு கிழமையில் பத்தையும் வாங்கி முடித்தார்கள். பிறகு அவர் முப்பதுக்குச் சொல்லியனுப்பினார். அதில் முதல் மூன்றை உடனேயே கடைக்கு அனுப்பினோம். நான் மறுபடியும் கொப்பியை எடுத்தேன். முப்பதும் போனால் நூற்றெண்பதைத் தாண்டி மிஞ்சும். அன்றிரவு அம்மா பாட்டு முணுமுணுத்தார். அப்பாகூட நசிந்த கையால் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, வெளிச்சம் கூடின பக்கமாக நகர்த்திக் கொடுத்தார்.

இதற்கிடையில் நம் பள்ளிக்கூடத்து ரீச்சர் பரிசளிப்பு விழாவுக்கென்று பன்னிரண்டு பெட்டி கேட்டு வீட்டுக்கு வந்தார். அவரும் அப்பாவின் கையை விசாரித்துவிட்டுத்தான் விலையைக் கேட்டார். தெரிந்த ஆள், பிள்ளையின் ரீச்சர். அம்மா நாலு ரூபாய் என்றார். விழாவில் அந்தப் பெட்டிகள் பளபளவென்று மேசையில் இருந்தபோது பெற்றோர் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். அவர் முதல்நாள்தான் நானாவின் கடையில் அதே பெட்டியைப் பன்னிரண்டு கொடுத்து வாங்கியிருந்தார். ரீச்சரிடம் விலை விசாரித்திருக்கிறார். மறுநாள் காலையே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார்.

நானா வந்தபோது சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு ரூவாச் சாமானைப் பன்னிரண்டுக்கு வித்தன் எண்டு என்னைக் கள்ளனாக்கிட்டீங்க தங்கச்சி. கடை நிறைய ஆக்கள் இரிக்கக்குள்ள கேட்டாரு."

"ரீச்சர் தெரிஞ்ச ஆள் நானா. எப்பிடி ஒன்பது, பன்னிரண்டு எண்டு வாங்கிறது?"

"தெரிஞ்ச ஆக்கள் என்ட கடைக்கு வந்தா நான் சும்மா குடுக்கனா? வீட்டிலயும் பன்னிரண்டு எண்டு செல்லுங்க. நான் திரும்ப எடுக்கன். செல்ல ஏலாட்டி எனக்கு வேணாம்."

அவர் போனதும் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்லிக் கொடுத்தேன். 'பன்னிரண்டு ரூபா' என்று பத்துத் தரம் சொல்லச் சொன்னேன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். மூன்றாம் நாள் நாலு வீடு தள்ளியிருந்த அதே மாமி, தன் தங்கையின் மகளுடைய கலியாணத்துக்கு ஒன்று வேண்டும் என்று வந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்றேன். மாமி, "அவருக்குக் கை எப்பிடி?" என்றார். அம்மாவின் முகம் சுருங்கியது. "என்ன விலை?" என்றார் மாமி. அம்மா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

"அஞ்சு தாங்கோ" என்றார்.

நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்ச் செம்பைக் காலால் உதைத்தேன். அதற்கு அடியும் வாங்கினேன்.

ஆனாலும் நானாவுக்கு மனம் கேட்கவில்லை போலும். பங்குனி நடுவில் மறுபடி வந்தார். நிலாவெளி ஹோட்டலில் ஆறு மாதம் தங்கியிருந்த வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் ஊருக்குப் போகிறார், அவருக்கு ஹோட்டல்காரர் பிரியாவிடைப் பரிசு கொடுக்கப் பெரிய பெட்டி ஒன்று வேண்டும் என்றார். அம்மாவின் கைக்கு நூற்றிருபத்தைந்து ரூபாய். விலையை அவரே பேசி முடித்துவிட்டார், அம்மாவிடம் கேட்கவேயில்லை. "இதை மட்டும் வேறொருத்தருக்கும் காட்டாதீங்க" என்று கும்பிடாக் குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். கையிலிருந்ததோடு இது சேர்ந்தால், பொருட்செலவு போக, நூற்றெண்பதை ஒருமாதிரித் தொடும். வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை இருந்தது.

அப்படி ஒரு பெட்டியை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. மூடியில் துறைமுகம். நெல்மணியளவு வெள்ளைச் சிப்பியில் நுரை, நீலம் கலந்த மட்டிச் சிப்பியில் தண்ணீர், நடுவில் ஒரு கப்பல். கப்பலின் கயிறுகூடத் தெரியும். மெல்லிய ஊசிச் சங்குகளை வரிசையாக ஒட்டியிருந்தார். அந்த ஊசிச் சங்குக்காக நான் நாலு விடியற்காலை நடந்தேன். அந்த முறை நான் சலித்துக்கொள்ளவில்லை.

கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் மத்தியானம் அப்பா வேலையிலிருந்து இடையில் வந்தார். யன்னலடியில் வார்னிஷ் காய்ந்த பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பழைய செய்தித்தாளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். மூன்று விரல் மடங்காத கை, தாள் நழுவி நழுவி விழுந்தது.

"இஞ்சேருங்கோ, அது ஓடருக்குச் செய்தது" என்றார் அம்மா.

"தெரியும். மேற்பார்வையாளர்ட மகளுக்கு நாளைக்குக் கலியாணம். வெறுங்கையோட போக ஏலாது. கடையில வாங்க என்னட்டைக் காசிருக்கோ? இது வீட்டில செய்தது, செலவில்லை. நீர் இன்னொண்டு செய்யலாம்தானே."

"செலவில்லையோ?" என்று நான் கத்தினேன். என் குரல் ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும். "நாளைக்குக் குடுக்கவேணும்! பத்து நாள் செய்தது! உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"பிள்ளை, உள்ளுக்குப் போ" என்றார் அம்மா.

நான் போகவில்லை. அம்மா எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். தரமாட்டார் என்று நினைத்தேன். அம்மா செய்தித்தாளைக் களைந்து போட்டார், அலுமாரியிலிருந்து பூப்போட்ட தாளை எடுத்தார், மூலைகளை மடித்து அழகாகச் சுற்றி, ரிப்பனால் முடிச்சுப் போட்டு அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

இன்றைக்கு எனக்குத் தெரியும், அந்தச் சித்திரையில் அப்பாவின் கையைச் சோதித்து, வேலையில் வைப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்ய இருந்தார்கள். அந்த மேற்பார்வையாளரின் ஒரு சொல்லில் எங்கள் சோறு தொங்கியது. அப்பா அதை வீட்டில் மூச்சுவிடவில்லை. பயத்தைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று நினைத்திருப்பார். சொல்லியிருந்தால் நான் அவரை ஐந்து வருடம் வெறுத்திருக்கமாட்டேன். அவரும் செலவில்லை என்ற அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பெட்டியால்தானோ என்னவோ, அவருடைய வேலை போகவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் நானா வந்தார். வெறும் மேசையைப் பார்த்தார்.

"குடுத்திட்டீங்களா?"

"ஓம் நானா. ஒரு கலியாணத்துக்கு."

"எவ்வளவுக்கு?"

அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். நானா அதைக் குடித்து முடித்து, கிளாசை மெதுவாக வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவேயில்லை.

வருடப்பிறப்பு முடிந்த திங்கட்கிழமை கந்தளாய்க் கிளாக்கர் ஒரு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். அம்மாவின் மேசை முற்றத்துக்குப் போனது. மிச்சச் சிப்பிகளைச் சாக்கில் கட்டிக் கோழிக்கூட்டின் மேல் போட்டோம். கிளாக்கர் நல்ல பிள்ளை. அறையைப் பார்த்துவிட்டு, "அக்கா, சாப்பாடும் தருவீங்களோ? எவ்வளவு எண்டு சொன்னா நல்லது" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அப்பா வாயைத் திறக்கும் முன்பே அம்மா சொன்னார்: "சாப்பாட்டுக்கு மாசம் எழுபத்தஞ்சு. மூண்டு நேரமும். மீன் இல்லாத நாளில முட்டை. முற்பணம் தரவேணும். குறைக்க ஏலாது."

"ஓம் அக்கா" என்று அவர் காசை எடுத்து நீட்டினார். அப்பா அம்மாவைப் புது மனுசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாய் மூன்று மாதம் எங்கே போயிருந்தது? குசினிக்குப் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"இதே மாதிரிப் பெட்டிக்கும் சொல்லியிருக்கலாம்தானே அம்மா? ஏன் சொல்லேல்லை?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சோறு அந்தத் தம்பிக்கு வேணும் பிள்ளை. பெட்டி ஆருக்கு வேணும்? அதுகள் அப்பாட கையைப் பாத்து இரக்கப்பட்டெல்லோ வாங்கினதுகள். பிச்சை போட வந்த சனத்திட்ட, இன்னும் கூடப் போடு எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

அம்மா அப்படி நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. ஏனென்றால் பெட்டிகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ரீச்சர் வீட்டில் அவருடைய மகள்மார் இரண்டு பேரும் ஒரு பெட்டிக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டதை நான் பார்த்தேன். ரீச்சர் பன்னிரண்டில் ஒன்றைத் தனக்கென்று எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கடைசியாகப் பரிசு வாங்கின பிள்ளைக்கு நாலு கொப்பிதான் கிடைத்தது. மாமியின் தங்கை மகள், வந்த பரிசுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இதைச் செய்த கை எப்பிடியிருக்கும் என்று என்னிடம் கேட்டாள். அந்த வீடுகளில் அப்பாவின் கையைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் நான் திரும்பி வந்து படலையைத் திறக்கும்போது அம்மா யன்னலடியிலிருந்து, "என்ன சொன்னவை?" என்று கேட்பார். வெயில் சுடுது, இனி நான் போகமாட்டன் என்று மட்டும்தான் நான் சொன்னேன்.